சுருண்டு கிடந்தால் சாது என்று நம்பாதீர்கள்

சென்னையில் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

போன ஆடி மாதம் பல்லாவரம் பக்கம் ஒரு கடையில் 22,000 ரூபாய் கொடுத்துக் குட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் கையில் எடுத்ததுமே அது தலையை உள்ளே இழுத்துப் பந்துபோல் சுருண்டுகொண்டது. "பாருங்க சார், எவ்வளவு சாது! தினமும் கையில எடுங்க, ஒரே வாரத்துல பழகிடும். இன்னிக்கே எலி போடுங்க" என்றார். அப்படியே செய்தேன். உண்மையில் அது பயத்தில் சுருண்டிருக்கிறது. அந்தப் பாம்புக்குப் பெயரே அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

அன்றிரவே எலி தின்றது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வர, ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை பாதி செரித்த எலியைக் கக்கியிருந்தது. கடைக்குப் போன் செய்தால், "ஏசி ரூம்ல வெச்சிருப்பீங்க" என்று என்மேலேயே பழி. ஏசி இருந்தது உண்மைதான். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி சூடு இல்லாவிட்டால் இரை செரிக்காது என்று வாங்கும்போதே சொல்ல வேண்டாமா?

மருத்துவர் பார்த்தபோது தொண்டைச் செதில்களுக்கு அடியில் உண்ணிகள் இருந்தன. வாயோரம் நுரை, மூச்சு விடும்போது சத்தம். நுரையீரல் தொற்று, வாங்கும்போதே இருந்திருக்கும் என்றார். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

புதிதாக வந்த பாம்பை முதல் ஒரு வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். உடம்பு ஒட்டி நுழையும் அளவுக்கு இருட்டு மறைவிடம் இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ச்சிப் பக்கம் ஒன்று வையுங்கள். அப்புறம்தான் இரை. தின்ற பின் இரண்டு நாள் கை வைக்காதீர்கள். தூக்கும்போது மேலிருந்து பாய்ந்து பிடிக்காமல், பக்கவாட்டில் கை கொடுத்து நடு உடம்பைத் தாங்குங்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரமாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

இன்னொன்று, ஆவணங்கள். வெளிநாட்டுப் பாம்புக்கு ஒன்றும் தேவையில்லை என்றார் கடைக்காரர், பில்லும் தரவில்லை. 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பால் பைத்தானை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். விசாரிக்காமல் வாங்கியது என் தப்பு. "மண்ணுளி வேணுமா?" என்றும் கேட்டார். அது நம் ஊர்ப் பாம்பு, வீட்டில் வைப்பது குற்றம். அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். அதே கண்ணாடிப் பெட்டியில் இன்னும் மூன்று குட்டிகள் சுருண்டு கிடக்கின்றன.