புதுச்சேரியில் அம்மாவுக்கு எடுத்த டோட்டாடேட் ஸ்கேன்: உள்ளே நல்ல வேலை, முன் மேசையில் அலட்சியம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மீதி ஒன்றரை போனது ஒரே ஒரு ஃபோன் பேச்சில்.

அம்மாவுக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் ஒரு வகைக் கட்டி. முதலில் எடுத்த வழக்கமான பெட் ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அதில் ஏற்றுவது சர்க்கரை மாதிரியான மருந்து. மெதுவாக வளரும் இந்தக் கட்டி சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது. ஆனால் இதன் மேல் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் நிறைய உண்டு, அதில் போய் ஒட்டும் டோட்டாடேட் மருந்தோடு கதிரியக்க காலியத்தைச் சேர்த்து ஏற்றி பெட் ஸ்கேன் எடுத்தால் பிடித்துவிடலாம் என்றார் டாக்டர்.

என்ன சாப்பிடலாம் என்று சென்டருக்கு ஃபோன் போட்டேன். "பெட் ஸ்கேன்னா எல்லாம் ஒண்ணுதான் சார், ராத்திரியிலேர்ந்து வெறும் வயிறு." அம்மா சர்க்கரை நோயாளி. மஞ்சக்குப்பத்தில் காரில் ஏறியவர், தவளக்குப்பம் வருவதற்குள் கை நடுங்கி வியர்த்துவிட்டார். ஓரமாக நிறுத்தி நாலு குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்தேன், ஸ்கேன் போச்சு என்று நினைத்துக்கொண்டே. உள்ளே இருந்த டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார்: "இதுக்குப் பட்டினியே வேணாம்மா. இட்லி சாப்பிட்டு, நல்லா தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கலாம்." படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதானால்தான் வேறு கணக்காம்.

கேட்க வேண்டியதையோ யாரும் கேட்கவில்லை. அம்மா இந்தக் கட்டிக்காக மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி போடுகிறார். அதுவும் அதே ஏற்பியில்தான் உட்காரும், அதனால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ஸ்கேன் வைத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளை, எங்கள் டாக்டரே தேதி குறித்திருந்தார்.

உள்ளே எல்லாம் வேறு தரம். காலியம் 68-இன் அரை ஆயுள் 68 நிமிடம்தான், வாங்கி வைக்க முடியாது. உள்ளே ஜெர்மானியம் சிதைந்து காலியமாக மாறிக்கொண்டிருக்கும் 'ஜெனரேட்டர்' என்ற சாதனத்திலிருந்து அன்றன்றைக்கு எடுக்கிறார்கள். எடுப்பதை 'கறப்பது' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். "கறந்தாச்சு, அம்மாவைக் கூப்பிடுங்க" என்று குரல் வந்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் மாடு இருந்த காலம் ஞாபகம் வந்திருக்கும். தாலிக்கொடியை முந்தின நாளே கழற்றி மஞ்சள் கயிறு மாற்றியிருந்தார், அதனால் அங்கே தகராறு இல்லை. ஊசி போட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பு, மெஷினில் இருபது நிமிடம் சொச்சம். குளிருக்குப் போர்வை கேட்காமலே கொடுத்தார்கள்.

படத்தில் மண்ணீரல், சிறுநீரகம், மூத்திரப்பை எல்லாம் கன்னங்கரேல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மண்ணீரலில் இயல்பாகவே இந்த மருந்து அதிகம் சேரும், மற்ற இரண்டும் அது வெளியேறும் வழி என்று அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார். பார்க்க வேண்டியது சிறுகுடலில் ஒரு புள்ளி, கல்லீரலில் இரண்டு. கட்டி மருந்தை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் கிரென்னிங் மதிப்பெண் 3: கல்லீரலைவிடக் கருப்பு, மண்ணீரலைவிட வெளுப்பு. ஏற்பி இந்த அளவு இருந்தால், காலியத்துக்குப் பதில் லுடீஷியம் 177 சேர்த்து அதே வழியில் கட்டிக்கு உள்ளிருந்தே கதிர் கொடுப்பதை யோசிக்கலாமாம்.

ரிப்போர்ட் மறுநாள் மாலை சொன்ன நேரத்துக்குக் கிடைத்தது. சிடி மட்டும் என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கவேயில்லை.

ஸ்கேன் அன்று ராத்திரி வரை குழந்தையைத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பேத்தி வாசற்படியில் நின்று அழ, அம்மா திண்ணைக் கோடியில் உட்கார்ந்து அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.