அலோனா, லோன்லியா? தனியாக இருப்பதற்கு எந்த இங்கிலீஷ் சொல்

"வீட்ல யாரும் இல்ல, நான் ஒண்டியாதான் இருக்கேன்" என்பதை இங்கிலீஷில் சொல்லும்போது 'லோன்லி'யைக் கையில் எடுப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். கேட்பவரோ "என்னப்பா ஆச்சு, மனசு சரியில்லையா?" என்று பரிதாபப்படுவார். சொல்ல வந்தது ஆள் கணக்கு, போய்ச் சேர்ந்தது மனக்குறை. இரண்டில் ஒன்றைத்தான் பழக நேரம் உண்டு என்றால் என் ஓட்டு அலோனுக்கு.

குழப்பத்துக்குக் காரணம் நம் 'தனி'. அது அளவுக்கு மீறி உழைக்கிற சொல். டு-லெட் பலகையில் தனி வீடு என்றால் நம் ஊர் இங்கிலீஷில் இண்டிபெண்டன்ட் ஹவுஸ், லண்டனில் டிட்டாச்ட். எழும்பூர் தனித் தொகுதி என்றால் ரிசர்வ்ட். தனித்தேர்வர் பிரைவேட் கேண்டிடேட், தனி அலுவலர் ஸ்பெஷல் ஆபீசர். இவற்றில் எதற்கும் அலோன், லோன்லி இரண்டுமே பக்கத்தில்கூட வராது. போட்டி மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்.

பொருள் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததே. அலோன் என்றால் கூட ஆள் இல்லை. லோன்லி என்றால் துணை இல்லையே என்ற ஏக்கம். தி.நகர் கூட்டத்தில் லோன்லியாக இருக்கலாம், அலோனாக இருக்க முடியாது. சந்தேகம் வந்தால் முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். ஏக்கத்துக்குக் கூடுதல் குறைவு உண்டு, ஆகவே வெரி லோன்லி சரி. ஆள் இல்லாததில் 'மிகவும் இல்லை' என்று ஏது? அலோனுக்கு அழுத்தம் வேண்டுமானால் 'ஆல் அலோன்'. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலோன் என்பதே பழைய இங்கிலீஷ்காரர்கள் 'ஆல்', 'ஒன்' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல்தான். ஆல் அலோனில் அந்த ஆல் இரண்டு முறை வருகிறது, நம் தன்னந்தனியே போல.

உண்மையில் தடுக்கி விழுவது வேறு இடத்தில். வாக்கியத்தில் சொல் எங்கே உட்காருகிறது என்பதில்தான். தமிழில் தனி எங்கும் உட்காரும்: தனி ஆள், தனியாகப் போனான், அவன் தனி. இந்தப் பழக்கத்தில் 'அன் அலோன் மேன்' என்று வாய் தவறும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அலோன் உட்காரவே உட்காராது. 'த மேன் இஸ் அலோன்', 'ஷி லிவ்ஸ் அலோன்' என்று வினைக்குப் பின்னால்தான் அதற்கு இடம். அஸ்லீப், அவேக், அலைவ் எல்லாம் இதே சாதி. தூங்கும் குழந்தையை யாரும் 'அஸ்லீப் பேபி' என்பதில்லை, ஸ்லீப்பிங் பேபிதான்.

பெயருக்கு முன்னால் போட்டே ஆக வேண்டுமென்றால்? அங்கே பலர் லோன்லிக்குத் தாவுகிறார்கள், பொருள் கெடுகிறது. கடைசி பஸ்ஸில் ஒரே ஒரு பயணி என்றால் 'லோன் பாசஞ்சர்' (பேங்க் கடன் லோன் இல்லை, ஒற்றை ஆள் என்ற லோன்). அவரையே 'லோன்லி பாசஞ்சர்' என்று எழுதினால் ஜன்னலோரம் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிவிடும். ஆனால் இடத்தைச் சொன்னால் லோன்லி சாதுவாகிவிடும். லோன்லி ரோடு என்பது ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. சாலைக்கு ஏது ஏக்கம்? அலோன் தாய், அதில் முதலெழுத்து உதிர்ந்த லோன் மகள், லோன்லி பேத்தி. மூன்றும் ஒரே வீட்டுக்காரர்கள், உட்காரும் நாற்காலிதான் வேறு வேறு.

பெயருக்குப் பின்னால் அலோன் வந்தால் அது 'மட்டுமே'. 'ரென்ட் அலோன்' என்றால் வாடகை மட்டுமே இவ்வளவு ஆகிறது என்று அர்த்தம். இது நல்ல இங்கிலீஷ். ஆனால் ஓட்டலில் 'இட்லி அலோன்' என்று கேட்பது நம் ஊருக்குள் செல்லும், வெளியே 'ஜஸ்ட் இட்லி' என்பதே பாதுகாப்பு.

'பை மைசெல்ஃப்' மூன்றாவது போட்டியாளர். பேச்சுக்கு இதமானது, சோகம் துளியும் ஒட்டாது. ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம்: ஆளுக்குத் தகுந்தபடி ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அலோனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். நேர்காணலில் "யார் உதவியும் இல்லாமல் செய்தேன்" என்று சொல்ல 'ஆன் மை ஓன்' நன்றாக எடுபடும்.

அலோனின் பலவீனம், அன்றாடப் புழக்கத்துக்கு நல்ல பெயர்ச்சொல் அதற்கு இல்லாதது. லோன்லினஸ் என்பது வாட்டுகிற தனிமை, சாலிட்யூட் விரும்பி எடுத்துக்கொண்ட ஏகாந்தம். தமிழில் இரண்டுமே தனிமை. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் லோன்லினஸுக்கென்று அமைச்சரை நியமித்தன. அதைத் 'தனிமைக்கான அமைச்சர்' என்று எழுதினால் தியானம் சொல்லிக்கொடுப்பவர் போலத் தோன்றும்.

ஐசொலேட்டட் வேறு ரகம். வேர் லத்தீனில் தீவைக் குறிக்கும் 'இன்சுலா'. ரிச்சி தெருவில் வாங்குகிற இன்சுலேஷன் டேப்புக்கும் அதுதான் வேர். வானிலை அறிக்கையில் இது சோகமே இல்லாத கணக்கு: ஒரு பகுதியின் மழை நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஐசொலேட்டட், தமிழ் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை ஸ்கேட்டர்ட். மனிதர்களுக்கு வரும்போது ஜாக்கிரதை. 2020-க்குப் பிறகு 'ஐ ஆம் ஐசொலேட்டிங்' என்றால் முதலில் நோய்தான் நினைவுக்கு வரும். அப்போது தமிழில் எல்லாமே 'தனிமைப்படுத்தல்' ஆனது. இங்கிலீஷில் தொற்று உறுதியானவருக்கு ஐசொலேஷன், தொற்று உள்ளவரோடு பழகியவருக்குக் குவாரன்டைன். பின்னது வெனிஸ்காரர்களின் 'நாற்பது' என்ற சொல்லில் பிறந்தது, துறைமுகத்தில் கப்பல்களைக் காக்கவைத்த நாள் கணக்கு.

தமிழில் ஒதுங்குவதும் ஒதுக்குவதும் ஒரு 'க்'கில் பிரிந்துவிடும். இங்கிலீஷில் அதற்குத் தனித்தனிச் சொல் தேட வேண்டும். தானாக ஒதுங்கி நிற்பவர் அலூஃப். காற்றை எதிர்த்துக் கப்பலின் முகத்தைத் திருப்பிக் கரையை ஒட்டாமல் ஓட்டச் சொன்ன கட்டளையிலிருந்து வந்தது. அதில் 'திமிர்' என்ற குற்றச்சாட்டு கலந்திருப்பதால், கூச்ச சுபாவக்காரரை ரிசர்வ்ட் என்பதே நியாயம் (எழும்பூர் தொகுதியை மறந்துவிடுங்கள்).

ஒதுக்கப்பட்டவருக்கு இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்ட ஒரு சொல் நம் மண்ணிலிருந்தே போனது. பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து வந்த 'பரையா'. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. அகராதியில் இருக்கிறது என்பதற்காகச் சென்னையில் உட்கார்ந்து அதை எழுதத் தேவையில்லை. 'டிப்ளொமேட்டிக்கலி ஐசொலேட்டட்' என்று போட்டால் தலைப்பு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.