ஆலப்புழா காயல்ல நாயோட ஒரு நாள்: ஹவுஸ்போட்டா, ஷிகாராவா, வள்ளமா?

எங்க மணி சாதாரண நாட்டு நாய்தான், இருபது கிலோ இருப்பான், கார்ல ஏறின அஞ்சாவது நிமிஷம் குறட்டை விட்டுருவான். படகும் அப்படித்தான் இருக்கும்னு நம்பி கோயம்புத்தூர்லருந்து கிளம்பிட்டோம். ரெண்டு தடவை போய் மூணு வகை படகுலயும் ஏறி இறங்கியாச்சு, நாங்க அதிகமா காசு குடுத்த படகுலதான் மணி ரொம்ப தவிச்சான்.

அது ஹவுஸ்போட். அந்தக் காலத்துல ஆலப்புழாவை ஒட்டின குட்டநாட்டு வயல் நெல்லை ஏத்திட்டுப் போன கெட்டுவள்ளம்தான் இது, ஆணியே அடிக்காம பலகையெல்லாம் தேங்கா நார் கயித்தால இழுத்து கட்டுவாங்க, இப்போ அதுமேல ரூம், கிச்சன், ஏசி எல்லாம் ஏறிடுச்சு. நல்லதை மொதல்ல சொல்லிடறேன், படகு ஆடவே ஆடாது, நிழல் இருக்கு, லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி மத்தியான வெயில் தாங்காத நாய்ங்களுக்கு அது பெரிய விஷயம். பிரச்சனை என்னன்னா பகல் ட்ரிப்பு பெரும்பாலும் பதினோரு மணிக்கு கிளம்பி சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் திரும்பும், இவ்ளோ பெரிய படகை நெனச்ச எடத்துல கரை ஒதுக்க முடியாது, சின்ன கால்வாய்க்குள்ளயும் போகாது. மணிக்கு புல்லு இருந்தாத்தான் காலைத் தூக்குவான்! சாப்பாட்டுக்கு நிறுத்தற வரைக்கும் டெக்கை சுத்தி சுத்தி வந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான், எனக்கு கரிமீன் தொண்டைல இறங்கல. (அந்த கரிமீனை பாவம்னு நாய்க்கு யாரும் போட்டுறாம பாத்துக்கோங்க, முள்ளு ஜாஸ்தி.) இன்னொண்ணு, போன்ல "நாய் ஓகே சார்"னு சொன்னவங்க படகுத்துறைல வந்து கிளீனிங்குக்கு தனி காசு கேட்டாங்க. காசு எவ்ளோ, நாயை எங்க கட்டிப் போடணும், ரூமுக்குள்ள விடலாமான்னு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க.

ஷிகாரா வேற கதை. கூரை போட்ட சின்ன மோட்டார் படகு, மணிக்கணக்குல வாடகை, பேரம் பேசலாம். "சேட்டா, ஒண்ணு நிறுத்துங்க"ன்னா அடுத்த படித்துறைல ஒதுக்கிடுவாரு, மணி இறங்கி வேலைய முடிச்சிட்டு ராஜா மாதிரி திரும்பி ஏறுவான், இந்த ஒரு காரணம் போதும் எனக்கு. குறுகலான கால்வாய்க்குள்ள போறதால குட்டநாட்டை பக்கத்துல பாக்கலாம், அங்க வயலெல்லாம் கடல் மட்டத்துக்கும் கீழ இருக்கு, நம்ம படகு மேல மெதக்குது, நெல்லு கீழ நிக்குது, நடுவுல ஒரு வரப்பு, அதுமேல வீடு. ஆனா அப்படி பக்கத்துல போறதுதான் தொல்லையும். கரையோர நாய்ங்க அவங்கவங்க எல்லை முடியற வரை கூடவே ஓடி வந்து குலைக்கும், அதுக்கப்புறம் வாத்துக் கூட்டம், நூத்துக்கணக்குல. லீஷ் கைல இல்லன்னா அன்னிக்கு ட்ரிப்பு முடிஞ்சுது.

ஷிகாராலதான் மணி தண்ணில விழுந்தான். கால்வாய் பூரா ஆகாயத்தாமரை பச்சைப் பசேல்னு மூடிக் கெடந்துச்சு, அவனுக்கு அது புல்தரைன்னு நெனப்பு, ஜாலியா ஒரு தாவு. முதுகுல கைப்பிடி வெச்ச நாய் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால அப்படியே பை தூக்கற மாதிரி தூக்கிட்டேன். அது இல்லாம நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க, நீச்சல் தெரிஞ்ச நாயும் அந்த வேர்ல சிக்கிக்கும். படகுக்காரர்தான் காரணம் சொன்னாரு, உப்புத்தண்ணி வயலுக்கு வராம இருக்க டிசம்பர் வாக்குல தண்ணீர்முக்கம் தடுப்பணை ஷட்டரை அடைச்சுருவாங்களாம், உப்பு ஏறினா ஆகாயத்தாமரை செத்துரும், அடைச்சா தண்ணி தேங்கி அது செழிச்சுக்கும். நாம டூர் போற குளிர் சீசன் சரியா அந்த நேரத்துலதான் வருது.

துடுப்பு வள்ளம்? மனுஷங்களுக்கு மூணுலயும் இதுதான் அழகு, சத்தமே இல்ல, மீன்கொத்தி பக்கத்துலயே உக்காந்திருக்கும். ஆனா மணி ஒரு பக்கம் சாஞ்சு எட்டிப் பாத்தா வள்ளமும் கூட சாயுது, கூரையும் கிடையாது. "உக்காரு"ன்னா உக்கார்ற நாயா இருந்தா விடியக்காலைல ஒரு மணி நேரம் ட்ரை பண்ணுங்க. மணிக்கு அந்த பழக்கம் இல்ல.

கவர்மெண்ட் பாசஞ்சர் போட்டை நாயில்லாத நாளுக்கு வெச்சுக்கோங்க, கூட்டம். ஆலப்புழா டூ கோட்டயம் ரெண்டரை மணி நேரம் கிட்ட ஆகும், டிக்கெட் சில்லறை காசுதான்.

எந்த படகா இருந்தாலும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி போட்டு ஒரு வருஷம் தாண்டலையான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு கிளம்புங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணிலருந்து வர்றது அது, நாய்க்கும் வரும் நமக்கும் வரும். காயல் தண்ணிய குடிக்க விடாதீங்க, வீட்டுத் தண்ணி ரெண்டு பாட்டில் கூடவே இருக்கட்டும், இறங்கினதும் கால், வயிறெல்லாம் நல்ல தண்ணில கழுவிடுங்க.

அடுத்த தடவை எங்க பிளான் காலைல ஏழு மணிக்கு ஷிகாரா, மூணு மணி நேரம், வெயில் ஏறதுக்குள்ள ரூமுக்கு. டவல் மட்டும் மூணு எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு நாய்க்கு, மத்த ரெண்டும் அது ஒடம்பை உதறும்போது பக்கத்துல மாட்டிக்கறவங்களுக்கு.