ஒரே டேக், மூன்று தடவை

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். கோவில்பட்டியில் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு உதவிப் பையன். 22 வருடமாகத் தாலி கட்டுவதையும் அட்சதை விழுவதையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்குச் சண்டைப் படம் ஒழுங்காகப் பார்க்கவே வராது. ஹீரோ கையை ஓங்கினால் என் கண் கைக்குப் போகாது, அடுத்த கட் எங்கே விழப்போகிறது என்று காத்திருக்கும். "படம் பாக்கியளா, ஃபிரேம் எண்ணுதியளா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அப்படி எண்ண ஆரம்பித்து, எண்ணுவதை மறந்துபோன படம் ஒன்று உண்டு. ஜாக்கி சான் 1985-இல் எடுத்து நடித்த 'போலீஸ் ஸ்டோரி'. சின்ன வயதில் வாடகை கேசட்டில், இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட படமாகப் பார்த்தது. போன மாதம்தான் 4கே தரத்தில் சீரமைத்த பிரதியை புளூரேயில் முழுசாகப் பார்த்தேன். முதல் பாகம், இரண்டாம் பாகம் ரெண்டும் ஒரே பெட்டியில். அமெரிக்காவிலிருந்து மச்சான் வாங்கி வந்தான். ஆசையாகப் போட்டால் பிளேயர் துப்பிவிட்டது. தப்பு என்மேல்தான். புளூரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் பொதுவாக இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. அமெரிக்க டிஸ்க் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். தொழிலில் இருந்துகொண்டே அதைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கித்தான் பார்க்க முடிந்தது. வாங்குபவர்கள் அட்டையில் மண்டல எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கதைக்கு ரொம்ப நேரம் வேண்டாம். ஹாங்காங் போலீஸ்காரன் சான் கா-குயி, போதைமருந்து முதலாளி ஒருவனைப் பிடிக்கிறான். அந்த முதலாளியின் செக்ரெட்டரியைச் சாட்சியாக்கிப் பாதுகாக்கச் சொல்கிறார்கள். கேஸ் கோர்ட்டில் கவிழ்கிறது, இவன் மேலேயே கொலைப்பழி விழுகிறது, கடைசியில் ஒரு ஷாப்பிங் மாலில் கணக்குத் தீர்க்கிறான். இந்தக் கதையை நம் ஊரிலும் பத்து தடவை எடுத்திருப்பார்கள்.

ஆனால் முதல் கால் மணி நேரம் இருக்கிறதே! மலைச்சரிவு முழுக்கத் தகரக் கொட்டகைகள். ரவுடிகள் காரை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகாமல் சரிவில் நேராக இறங்குகிறார்கள், வீடுகளை உடைத்துக்கொண்டே. பின்னாலேயே போலீஸ் காரும் அதே வழியில் இறங்குகிறது. கேமரா தூரத்தில் நின்று மொத்தச் சரிவையும் காட்டுகிறது. எந்தக் கொட்டகை எந்தப் பக்கம் விழுகிறது, கார் எங்கே இருக்கிறது, ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று எல்லாம் புரிகிறது. மண்டபத்தில் நான் பையனிடம் முதலில் எடுக்கச் சொல்வதும் இதைத்தான்: மேடை எங்கே, வாசல் எங்கே, பந்தி எங்கே என்று ஒரு வைட் ஷாட். அது இல்லாமல் நேராக முகத்தில் போய் நின்றால், பார்க்கிறவர்களுக்கு யார் எந்தப் பக்கத்து மாமா என்றே தெரியாது. சண்டைக்கும் அதே கதிதான். இப்போது வருகிற பல படங்களில் கேமரா ஆடுகிறது, நொடிக்கு ரெண்டு கட், கடைசியில் யாரோ விழுந்து கிடக்கிறார்கள். யார் எங்கிருந்து அடித்தார் என்பதை இசையை வைத்து நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அந்த மாடி பஸ். ரவுடிகள் பஸ்ஸைக் கடத்திப் போக, இவன் ஓடிப்போய்க் குடைக்கம்பியை மாட்டித் தொங்குகிறான். குடையின் வளைந்த பிடி மட்டும்தான் பிடிமானம். வளைவில் பஸ் திரும்பும்போது உடம்பு அப்படியே வெளியே வீசிப்போகிறது. கடைசியில் குறுக்கு வழியில் இறங்கி, பஸ்ஸுக்கு எதிரே ரோட்டு நடுவில் துப்பாக்கியோடு நிற்கிறான். பஸ் பிரேக் போட, மேல்தட்டில் இருந்த ஆட்கள் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுகிறார்கள். எதிரே நிற்கும் கார்மேல் விழ வேண்டும் என்பதுதான் திட்டமாம். பஸ் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டதால் தார் ரோட்டில் விழுந்தார்கள். அந்த ஷாட்டைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு ரெண்டாம் தடவை பார்த்தபோது எனக்குப் பல் கூசியது.

இந்தப் படம் ஏன் இப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. அதே 1985-இல் அமெரிக்க இயக்குநர் ஒருவரின் கீழ் 'தி புரொடெக்டர்' என்ற போலீஸ் படத்தில் ஜாக்கி நடித்தார். அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஹாங்காங்குக்கு மட்டும் சில காட்சிகளைத் தானே எடுத்துச் சேர்த்து, வெட்டி, வேறு படமாக வெளியிட்டார். அப்போதும் மனசு ஆறவில்லை. போலீஸ் படம் என்றால் இப்படித்தான் என்று காட்டுவதற்காகத் தானே இயக்கியது இது. அடுத்த வருடம் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த சண்டை அமைப்பு இரண்டும் இதற்குத்தான் கிடைத்தன. எனக்கென்னவோ, சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நினைக்காமல் ஒரு மனுஷன் ரோஷத்தில் செய்த வேலை என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிகிறது.

சரி, மாலுக்கு வருவோம். சிம் ஷா சூய் பகுதியில் உள்ள விங் ஆன் பிளாசா. அங்கே எத்தனை கண்ணாடி உடைகிறது என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. ஷோகேஸ், தடுப்பு, மேஜை, எல்லாம். ஒருத்தனை மோட்டார் சைக்கிள் முன்னால் தள்ளிக்கொண்டே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்துப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. படப்பிடிப்புக்கு வழக்கமாகப் பயன்படுத்துகிற, சுலபமாக உடையும் போலிக் கண்ணாடியான 'சர்க்கரைக் கண்ணாடி'தான், ஆனால் நிஜம்போல் தெரிய வேண்டும் என்று வழக்கத்தைவிடத் தடிமனாகச் செய்யச் சொன்னாராம். யூனிட் ஆட்களே படத்துக்கு 'கிளாஸ் ஸ்டோரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கேதான் எடிட்டராக நான் கையெடுத்துக் கும்பிட்ட இடம். அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். கால் வருகிறது, மார்பில் படுகிறது, ஆள் பின்னால் போய்க் கண்ணாடியில் விழுகிறான், மூன்றும் வெட்டில்லாமல் தெரிகிறது. காலை ஒரு ஷாட்டிலும் விழுவதை இன்னொரு ஷாட்டிலும் காட்டுவது சுலபம். அப்படிச் செய்தால் ரெண்டு பேரும் ஒரே ஊரில்கூட இருக்க வேண்டியதில்லை. மாலை மாற்றும்போது மாப்பிள்ளை கையைத் தனியாகவும் பொண்ணு கழுத்தைத் தனியாகவும் காட்டினால் எந்த அப்பாவாவது எனக்குப் பாக்கிப் பணம் தருவாரா?

கடைசியில் அந்தக் கம்பம். வில்லன் கீழ்த்தளத்தில், இவன் மேலே. படியில் இறங்க நேரமில்லை. மாலின் நடுவே உச்சியிலிருந்து தரைவரை ஒரு கம்பம், அதைச் சுற்றி முழுக்க மின்விளக்குச் சரம். நம் மண்டபங்களில் தொங்குமே, அதே சீரியல் லைட். கைப்பிடிச் சுவரில் ஏறி, பாய்ந்து, கம்பத்தைப் பிடித்து, விளக்குகள் பொரிந்து சிதறச் சிதறச் சறுக்கிக்கொண்டே இறங்கி, ஒரு கடைக் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்து, எழுந்து ஓடுகிறான். அந்தச் சரத்துக்கு பேட்டரியிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததோ நேராக மெயினிலிருந்து. ஜாக்கியின் உள்ளங்கைகள் வெந்துபோயின. முதுகிலும் இடுப்பிலும் அடி.

ரீடேக் கிடையாது. விளக்கெல்லாம் உடைந்துபோன கம்பத்தில் இன்னொரு தடவை எதை எடுப்பது? அதனால் ஒன்று செய்திருக்கிறார்கள்: அந்த ஒரே சறுக்கலை வெவ்வேறு கோணத்தில் மூன்று தடவை அடுத்தடுத்து ஓட விட்டிருக்கிறார்கள். பாய்கிறான், இறங்குகிறான், விழுகிறான். மறுபடி பாய்கிறான். மறுபடியும். எடிட்டிங் பாடப்படி இது குற்றம், கதையின் நேரம் நின்றுபோய்விடும். நான் சிரித்துவிட்டேன். தாலி கட்டுவதை நாங்கள் அப்படித்தானே போடுகிறோம்! மூன்று கேமராவில் வந்ததை மூன்று தடவை. ஏனென்றால் அது ஒரே ஒரு தடவைதான் நடந்தது, திரும்ப வராது. ஹாங்காங்கில் ஒருத்தர் சண்டைப் படத்துக்கு அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.

அடி மட்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். இதில் தாளம் இருக்கிறது. ஜாக்கி சின்னப் பையனாக ஹாங்காங்கில் பீகிங் ஓபரா என்ற சீன இசை நாடகம் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் சேர்ந்து பத்து வருடம் தங்கிப் படித்தவர். பாட்டு, கரணம், சண்டை எல்லாம் அங்கே ஒரே பாடம்தான். பின்னாளில் ஹாங்காங் சண்டைப் பட நடிகர்களான சாம்மோ ஹங், யுவென் பியாவ் இருவரும் கூடப் படித்தவர்கள். அந்த ஓபராவில் தாளத்தோடு வேகமாகச் சுழன்று, சட்டென்று ஒரு கணம் சிலைபோல் நிற்பார்கள். இந்தச் சண்டைகளிலும் நாலைந்து அடி மளமளவென்று விழும், பிறகு அரை நொடி எல்லாரும் உறைவார்கள், மறுபடி மளமள. கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவதற்கு முன்னால் மண்டபத்தில் ஒரு நிசப்தம் வருமே, அது மாதிரி. அந்த அரை நொடியில்தான் நாம் மூச்சு விடுகிறோம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடுப்பாதி தொங்குகிறது. சாட்சியைப் பயமுறுத்தித் தன்னிடம் ஒட்டவைப்பதற்காக நண்பனைக் கொலைகாரனாக வேஷம் போட்டு அனுப்புகிற காமெடி ஒரு தடவை சிரிப்பு, அப்புறம் இழுவை. காதலி மேயாக வருகிற மேகி சியுங் பாவம். பிறந்தநாள் கேக் முகத்தில், அவமானம் தலையில், கோபப்பட்டால் அதுவும் காமெடி. அவ்வளவு நல்ல நடிகையை இப்படி வீணடித்ததற்கு மன்னிப்பே கிடையாது. செக்ரெட்டரியாக வரும் பிரிஜிட் லின்னுக்காவது கடைசியில் ஓட வேலை இருக்கிறது. நடுவில் ஒன்றே ஒன்று பிரமாதம்: ஊருக்கு ஒதுக்குப்புறமான ஸ்டேஷனில் தனியாக மாட்டிக்கொண்டு, நாலா பக்கமும் அடிக்கிற போன்களை ஒரே ஆளாக எடுத்து, வயர் உடம்பைச் சுற்ற, நடுவில் நூடுல்ஸும் தின்னப் பார்க்கிற காட்சி. ஒரு அடிகூட இல்லாத சண்டைக்காட்சி அது.

துப்பாக்கி கேள்வியும் உண்டு. முதல் காட்சியில் சுட்டுத் தள்ளியவர்கள் மாலில் ஏன் கையால் அடித்துக்கொள்கிறார்கள்? படத்தில் பதில் இல்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன படம் 2011-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த 'தி ரெய்டு'. அதில் யாயன் ருஹியான் செய்கிற ரவுடி, துப்பாக்கி முனையில் ஆளை நிறுத்திவிட்டு, சுடுவதில் சுகமில்லை என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் அடிக்க வருவான். பெஞ்சாக் சிலாட் என்ற அவர்கள் ஊர்க் கலை. ஆள் குள்ளம், ஒல்லி, ஆனால் கதவைச் சாத்தும்போதே வயிறு கலங்கும். அதுவும் பாருங்கள், ஆனால் குழந்தைகளோடு வேண்டாம். ரத்தம் ஜாஸ்தி. 'போலீஸ் ஸ்டோரி'யை என் பத்து வயது மகளோடு பார்த்தேன். கேக் காட்சியில் அவளும் முகம் சுளித்தாள்.

பெயர்கள் ஓடும்போது டிவியை அணைத்துவிடாதீர்கள். ஜாக்கியே பாடிய பாட்டின் மேல், தவறிப்போன டேக்குகளும் அடிபட்டவர்களைத் தூக்கிப்போவதும் வருகின்றன. என் உதவிப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு அடிபட்டும் மறுநாள் வேலைக்கு வந்திருப்பாங்களா?" என்று கேட்டான். முகூர்த்த நாளில் காய்ச்சல் என்று லீவு போட்டவன் கேட்கிற கேள்வி.

படம் தந்த உற்சாகத்தில் அந்த வாரக் கல்யாணத்துக்கு நானும் ஸ்லோமோஷன் போடாமல், தாலி கட்டுவதை முழு வேகத்தில் மூன்று கோணத்தில் மூன்று தடவை அடுத்தடுத்து ஒட்டிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்துப் பொண்ணோட அப்பா போன் பண்ணினார். "தம்பி, தாலி கட்டுற இடத்துல பென்டிரைவ் சிக்குது, கொஞ்சம் மாத்திக் குடுங்க."