இரட்டை முதல் பேஸ்: மூன்று வகையில் எது தேறும்?

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) குழுவிடம் ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் புது பேட்டை மறந்துவிட்டு இரட்டை முதல் பேஸை வாங்கலாம். பந்தை அடித்தவர், தான் ஓடி மிதிக்க வேண்டிய முதல் தளமான முதல் பேஸைத் தாண்டியும் ஓடலாம் என்பதால் வேகத்தைக் குறைக்காமலே வந்து மிதிப்பார். அதே சதுரத்தில் ஒரு காலை ஊன்றி, வரும் பந்தின் மேலேயே கண்ணாக நிற்பார் ஃபீல்டர். எடையும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும் கலப்பு ஆட்டத்தில் இருவரும் மோதிக்கொள்ளக்கூடிய வம்பான இடம் இது.

சாமான் எளிது. 15 அங்குலச் சதுரங்கள் இரண்டு ஒட்டியபடி, மொத்தம் 15க்கு 30. வெள்ளைப் பாதி களத்துக்குள், ஆரஞ்சுப் பாதி ஃபவுல் பக்கம், அதாவது களத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே. முதல் பேஸில் அவுட்டுக்கு முயலும்போது ஃபீல்டருக்கு வெள்ளை, அடித்து ஓடுபவருக்கு ஆரஞ்சு.

சந்தையில் கிடைப்பவற்றில் முதல் வகை, தரையில் பதித்த குழாயில் செருகும் இரும்புக் கால் கொண்டது. எங்கள் ஓட்டு இதற்குத்தான், அதுவும் இரண்டு கால் உள்ளதற்கு. ஒற்றைக் கால் வெள்ளைப் பாதியின் அடியில் மட்டும் இருந்தால், ஆரஞ்சு ஓரம் நாளடைவில் மேலே தூக்கும். முழு வேகத்தில் மிதிபடுவதோ அந்த ஓரம்தான். இரு பாதிகளும் ஒரே வார்ப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். போல்ட் போட்டு இணைத்தவற்றில் இடுக்கு விழுந்தால் ஷூ முள் மாட்டும்.

பொருத்தும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். பேஸ் தூரமான 70 அடி என்பது ஹோம் பிளேட்டின் (பேட்டர் நின்று அடிக்கும் இடத்துத் தட்டு) பின்முனையிலிருந்து முதல் பேஸின் அப்பால் விளிம்பு வரை. நடுப்புள்ளி வரை இல்லை. எனவே வெள்ளைப் பாதியின் கால் நிற்கும் குழாயின் மையம் ஃபவுல் கோட்டு வாக்கில் 69 அடி 4½ அங்குலத்தில், கோட்டின் வெளி விளிம்பிலிருந்து 7½ அங்குலம் உள்ளே வர வேண்டும். 65 அடிக் களம் என்றால் 64 அடி 4½. கால்கள் இரு பாதிகளின் நடுவிலும் இருந்தால் இரண்டாவது குழாய் அதிலிருந்து சரியாக 15 அங்குலம் வெளியே. வெள்ளையும் ஆரஞ்சும் சேரும் கோடு ஃபவுல் கோட்டின் வெளி விளிம்போடு ஒன்றிவிட்டதா பாருங்கள். இது பிசகினால் பேஸில் பட்ட பந்து ஃபேரா (செல்லுமா) ஃபவுலா (செல்லாதா) என்ற சண்டை தீராது: வெள்ளையில் பட்டால் ஃபேர், ஆரஞ்சில் மட்டும் பட்டால் ஃபவுல்.

ஆட்டம் முடிந்து பேஸைக் கழற்றியதும் குழாய்க்கு மூடி போடுங்கள். மண் இறங்கினால் அடுத்த முறை கால் முழுதாக உட்காராது. பேஸுக்கும் தரைக்கும் நடுவே சந்து விழும். ஓடுபவரின் பாதம் அதில் நுழையும்.

இரண்டாவது வகை, கீழே விரிக்கும் ரப்பர் பாய். மலிவு, பையில் சுருட்டலாம். உள்ளரங்கத் தரைக்குச் சரி. புழுதி படிந்த மண்ணிலும் ஈரப் புல்லிலும் காலோடு வழுக்கிப் போகும். வெளிக்களத்து முதல் பேஸுக்கு இது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, சறுக்கி மோதினால் அடித்தட்டிலிருந்து கழன்றுகொள்ளும் வகை. 1986-87இல் மிச்சிகனில் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களை வைத்து ஆய்வு நடந்தது. ஏறக்குறைய சம எண்ணிக்கையான ஆட்டங்களில், நிலையான பேஸ்களில் 45 சறுக்கல் காயங்கள், கழலும் பேஸ்களில் 2. எனவே இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அடித்து ஓடுபவர் முதல் பேஸில் சறுக்க அவசியமே இல்லை என்பதால் அங்கே பலன் குறைவு. அடித்தட்டின் துளைகளில் மண் அடைத்தால் சாதாரண ஓட்டத்துக்கே கழன்றுவிடும். இன்னிங்ஸ் நடுவே துடைக்க ஒரு பிரஷ் கையில் இருக்கட்டும். பேஸ் கழன்று போனாலும் அதை மிதித்த ரன்னர் அதனால் அவுட் ஆகமாட்டார்.

நல்ல பேஸ் வாங்கியும் விதி தெரியாவிட்டால் வீண். அமெரிக்க சாஃப்ட்பால் அமைப்பான யுஎஸ்ஏ சாஃப்ட்பாலின் விதிப்படி, முதல் பேஸில் அவுட்டுக்கு முயலும்போது ஓடுபவர் வெள்ளையை மட்டும் மிதித்தால், அவர் திரும்பி வருமுன் எதிரணி முறையிட்டு அவுட் கேட்கலாம். எறி தவறி ஃபீல்டரை ஃபவுல் பக்கம் இழுத்துவிட்டால் இருவரும் எந்தப் பாதியையும் பயன்படுத்தலாம். பந்து அவுட்ஃபீல்டுக்குப் போய் முதல் பேஸில் ஆட்டமே இல்லையென்றால் வெள்ளையின் உள்மூலையை மிதித்து வளைந்து இரண்டாவதுக்கு ஓடுவதே சிக்கனம். கலப்பு ஆட்டத்தில் வாக் பெற்று (தவறான பந்துகளுக்காக அடிக்காமலே பேஸ் கிடைத்து) நேரே இரண்டாம் பேஸுக்குச் செல்லும் ஆண் பேட்டருக்கும் எந்தப் பாதியும் சரி, ஆனால் முதல் பேஸைத் தொட்டே ஆக வேண்டும்.

தாண்டி ஓடிவிட்டுத் திரும்பும்போது வெள்ளை மட்டுமே பேஸ். பலர் ஆரஞ்சின் மேல் நின்றபடி மூச்சு வாங்குவார்கள். பந்தோடு தொட்டால் அவுட். கேட்ச் பிடிபட்டபின் கிளம்பும் ரன்னரும் வெள்ளையிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

மேற்பரப்பில் சொரசொரப்பான கட்டங்கள் இருப்பதையே எடுங்கள். வழவழப்பானது பனி படிந்தால் வழுக்கும். வெயிலில் ஆரஞ்சு வெளிறி வெள்ளையோடு குழம்பத் தொடங்கினால், தூரத்து அம்பயருக்குக் கால் எந்தப் பாதியில் பட்டது என்பது தெரியாது. ரப்பர் நன்றாகவே இருந்தாலும் அப்போது மாற்றிவிடுங்கள்.