சேண்டரின் அடியில் ஒரு ரப்பர் வளையம்: நான்காண்டு அனுபவம்

தம் படகின் மேல்பூச்சான ஜெல் கோட்டைத் தாமே தேய்த்து மெருகேற்றப் போவதாகச் சொன்ன நண்பர் ஒருவர், என்னிடம் இருக்கும் ரேண்டம் ஆர்பிட் சேண்டரையே (உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் மின்கருவி) தாமும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. அதே கருவியைக் கழற்றி, அடியில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி முடித்து, கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொன்ன பதிலில் கோபம் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தது என்பதால், நிதானமாக இதை எழுதுகிறேன். 125 மி.மீ. பேட் (தாளை ஒட்டும் வட்டத் தட்டு), 2.5 மி.மீ. சுழல் வீச்சு, ஆறு நிலை வேகம் போன்றவை பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருப்பவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

என்னுடையது கருநீல நிறமுள்ள ஃபைபர் படகு. கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதன் தண்டனை தெரியும்: வெள்ளைப் படகில் கண்ணுக்குப் படாத கீறல் எல்லாம் இதில் வெயில் பட்டதும் எழுந்து நிற்கும். நான்காண்டுகளுக்கு முன் அதன் பக்கவாட்டைக் கையால் தடவினால் உள்ளங்கையில் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டியது. தண்ணீர் தெளித்தால் பழைய நிறம் திரும்பி, காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிடும். ஜெல் கோட் என்பது நிறமி கலந்த பாலியஸ்டர் ரெசின்தான். புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைப்பதால் வருவது இந்த வெளுப்பு. நனைத்தால் நிறம் திரும்புகிறது என்றால் அடியில் நல்ல பகுதி மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த மிச்சம் பொதுவாக அரை மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதையும், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறோம் என்பதையும் நினைவில் வைத்தால்தான் இனிச் சொல்லப்போகும் எரிச்சலின் அளவு புரியும்.

முதல் இரண்டாண்டுகள் இந்தக் கருவியைக் குறைசொல்ல எனக்கு வாயே வரவில்லை. கையால் இரண்டு நாள் தேய்த்தும் அலை அலையாக நின்ற பக்கத்தை இது அரை நாளில் சமமாக்கிக் கொடுத்தது. பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டத்திலும் ஊசலாடுவதால், ஒரே தடத்தில் திரும்பத் திரும்பக் கீறுவதில்லை. 800, 1000, 1500, 2000 என்று முரட்டிலிருந்து மென்மைக்கு உப்புத்தாளை வரிசையாக மாற்றி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் துடைத்து, ஒரு கட்டத்தில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் போனால், கடைசியில் மெருகேற்றும் பசையான காம்பவுண்டுக்கு வேலையே குறைந்துவிடுகிறது. அணியத்தின் (படகின் முன்முனை) வளைவில் பேட்டுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு பேட் ஒன்றை வைத்தபோது, கருவி வளைவோடு ஒட்டிப் படிந்து போன விதம் இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வேக்கம் கிளீனரின் குழாயைப் பொருத்திவிட்டால் தூசி பெரும்பாலும் உள்ளேயே போய்விடும். முகக்கவசம் போடாமல் இருக்க அது காரணமாகிவிடக் கூடாது என்பது வேறு. மின்கம்பி செருகிய கருவி என்பதால் தண்ணீர் ஊற்றித் தேய்க்க நான் துணிந்ததில்லை. உலர்ந்த நிலையில் பயன்படுத்தும் ஃபிலிம் தாள்களே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

மூன்றாம் ஆண்டில்தான் தொல்லை தொடங்கியது. பகல் முழுவதும் தேய்த்து, காம்பவுண்டு போட்டு, கண்ணாடிபோல் இருக்கிறது என்று நிமிர்ந்த பிறகு, மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பக்கவாட்டு முழுவதும் பன்றிவால்போல் சுருண்ட கீறல்கள் தெரிந்தன. முதலில் தாளைச் சந்தேகித்து, விலை கூடிய தாள் வாங்கினேன். பிறகு பரப்பில் மணல் துகள் இருக்கிறதோ என்று இரண்டு முறை கழுவினேன். பழைய மெழுகு மிச்சமிருந்து தாளில் கட்டிக்கொள்கிறதோ என்று, தேய்ப்பதற்கு முன் மெழுகு நீக்கும் கரைப்பானால் மறுபடியும் துடைத்தேன். (இதை முதல் ஆண்டில் செய்யாமல் பட்டது தனிக் கதை.) கடைசியாக என் கையின் அழுத்தத்தையே குறைசொல்லிக்கொண்டேன். கருவியை மட்டும் ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. நன்றாக உழைத்த வேலையாளைச் சந்தேகிக்க மனம் வராதது போலத்தான்.

காட்டிக்கொடுத்தது ஓசைதான். ஒரு நாள் தாள் மாற்றுவதற்காகக் கருவியைப் பரப்பிலிருந்து தூக்கியபோது, வழக்கமான உறுமல் மெல்ல ஏறி விசில்போல் ஆனது. ரேண்டம் ஆர்பிட் சேண்டரில் பேட்டை மோட்டார் நேரடியாகச் சுற்றுவதில்லை. நடுவிலுள்ள பேரிங்கின் உராய்வுதான் அதை இழுத்துச் சுற்றுகிறது. பரப்பில் படிந்திருக்கும்போது பரப்பின் உராய்வு அதை மெதுவாக்கிவிடும். காற்றில் தூக்கியதும் தடுக்க எதுவும் இல்லாததால் பேட் மோட்டாரின் வேகத்தை நோக்கி ஏறத் தொடங்கும். என் கருவியில் அந்த வேகம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 12,000 சுற்று. இதைத் தடுப்பதற்கென்றே பேட்டின் மேல்புறத்தை உரசிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டால், அசுர வேகத்தில் சுற்றும் பேட்டைத்தான் நாம் ஒவ்வொரு முறையும் ஜெல் கோட்டின் மேல் இறக்குகிறோம். அது வேகம் தணிவதற்குள் போடும் கோடுகள்தான் அந்தச் சுருள்கள்.

அந்தச் சுருள்களை எடுக்க மறுபடியும் 800 தாளுக்கு இறங்க வேண்டியிருந்தது. அதாவது, ஒரு வளையத்தின் தேய்மானத்துக்காகப் படகின் தோலில் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுத்தேன். வலப்பக்கத்து விளிம்பில், ஜெல் கோட் இயல்பாகவே மெலிந்திருக்கும் இடத்தில், அது முழுவதுமாகவே போய் ஃபைபர் தெரிந்துவிட்டது. விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிட்டு, அந்த இடத்தைக் கையால் தேய்ப்பதுதான் முறை. அன்று அவசரத்தில் மறந்தது என் பிழை, அதைக் கருவியின் கணக்கில் எழுத மாட்டேன். அந்த இடத்தில் புதிய ஜெல் கோட் பூசி, காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் தாளால் மூடி இறுகவிட்டு, பிறகு தேய்த்துச் சமன் செய்தேன். நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வளையம் தேய்வதற்காகவே வைக்கப்பட்ட பொருள்; அது தேய்ந்ததைக் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. என் கோபம் அதன் மேல் இல்லை. கையேட்டில் பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியவர்கள், இந்த வளையத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் தேய்ந்தால் மாற்றவும் என்று இருக்கிறதே தவிர, தேய்ந்ததை எப்படி அறிவது என்று இல்லை. பழுது பார்க்கும் இடத்திலோ, அடிப்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டின் திருகுகளைக் கழற்றி, பழைய வளையத்தை நெம்பி எடுத்து, புதியதை அழுத்திப் பொருத்த எனக்குப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிட வேலைக்காக நான் இழந்தது ஒரு பருவம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதிலேயே ஸ்பாஞ்சு பேட் பொருத்திக் காம்பவுண்டும் போட்டுப் பார்த்தேன்; சட்டை முழுவதும் தெறித்ததும் தூசித் துளைகள் அடைத்துக்கொண்டதும்தான் மிச்சம். அந்த வேலைக்குக் கம்பளிப் பேட் போட்ட பாலிஷிங் மெஷின் தனியாக வேண்டும். பேட்டின் வெல்க்ரோவும் சூட்டில் மழுங்கும், ஆனால் தாள் பிய்த்துக்கொண்டு போகும்போது அது தானாகவே சொல்லிவிடும். வளையம்தான் ஊமை. ஆகவே இப்போது ஒவ்வொரு முறையும் கருவியைத் தூக்கி ஓடவிட்டு ஓசையைக் கேட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறேன். அந்தச் சோதனை முடிந்து தேய்க்கும்போது, பரப்பில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவது, நிறுத்துவதற்கு முன் தூக்காதது என்ற பழக்கமும் வந்துவிட்டது.

இந்தக் கருவியால் என் படகு புதிதாக வந்த நாளைவிட இப்போது நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் இதை வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். எழுதி முடித்த பிறகும் அந்தப் பதிலை மாற்றத் தோன்றவில்லை. அப்படியானால் ஒரு வாரத்துக்கு இரவலாவது கொடுங்கள் என்றார். இடப்பக்கம் இன்னும் முடியவில்லை என்று சொல்லி, கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.