வேலூர் வெயிலுக்கு எது: ஏசியா, கூலரா, மாடிக்குச் சுண்ணாம்பா?

பங்குனி பிறந்ததுமே சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கத்து மேல்மாடி வீடுகளில் பேச்சு ஏசியில் வந்து நிற்கும். 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது, அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் உலக அளவில் மனிதரின் சூழலியல் தடத்தில், அதாவது நம் வாழ்க்கை இயற்கையின் மேல் ஏற்றும் மொத்தச் சுமையில், பாதிக்கு மேல் கரியமில வாயுவின் பங்கு. நம் வீடுகளில் அந்தப் பங்கு சட்டென்று வீங்குவது கோடையில்தான். அதனால் எதை வாங்குகிறோம் என்பதை விட, எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் கரண்ட் கணக்கு. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் என்றால் குறையும், மாடி கொதிக்கும் அறை என்றால் கூடும். ராத்திரிக்கு 8 மணி நேரம், 90 நாள் ஓடினால் 720 யூனிட். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, ஆக ஒரு கோடைக்கு 500 கிலோ. அதே 720 மணி நேரம் 180 வாட் கூலர் ஓடினால் 130 யூனிட், 90 கிலோ. கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் வைத்த 30 வாட் ஃபேன் 22 யூனிட், 15 கிலோதான். பில்லிலும் அடி உண்டு: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

ஏசியில் பலர் கவனிக்காதது, உள்ளே சுற்றிக் குளிர வைக்கும் கேஸ். இப்போது வரும் ஆர்-32 கேஸ், கரியமில வாயுவைப் போல் 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஒரு மெஷினில் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அது முழுவதும் கசிந்தால், ஒரு கோடை முழுக்க ஓட்டிய கரண்டை விடப் பெரிய கேடு. வருஷா வருஷம் "கேஸ் ஃபில் பண்ணணும்" என்று மெக்கானிக் சொன்னால் எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை அடைக்காமல் நிரப்ப விடாதீர்கள்.

கூலருக்குச் சென்னையை விட நம் ஊர் தோது. கடற்காற்றின் ஈரம் இங்கே குறைவு. வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கும் ஒரு மதியத்தில் நல்ல கூலர் 30 டிகிரியை ஒட்டிய காற்றைத் தரும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் வைத்தால் புழுக்கம்தான் மிச்சம். கோடை மழை பெய்த ராத்திரியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் தண்ணீர். ஒரு ராத்திரிக்கு மூன்று, நான்கு குடம் போகும். பாலாறு வறண்டு கிடக்கையில், லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கூலரில் தண்ணீர் நனைக்கும் பேடில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். தொட்டியைக் கழுவாமல் விட்டால் டெங்கு கொசு.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, நாம் படுக்கும் நேரத்தில் கீழே இறக்குகிறது. இரவு பத்து மணிக்கும் சீலிங்கில் கை வைத்தால் சுடும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் தள்ளுகிறது, ஏசி அதோடுதான் மல்லுக்கு நிற்கிறது. அதனால் என் ஓட்டு முதலில் சுண்ணாம்புக்குத்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்துகொள்ள வேண்டும். தளத்தைத் தேய்த்துக் கழுவி, வெயில் தாழ்ந்ததும் ஈரத்தின் மேலேயே அடித்தால்தான் பிடிக்கும். முதல் கோட் காய்ந்ததும் குறுக்குவாட்டில் இரண்டாவது. மறுநாள் நடுமதியத்தில் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்கலாம். பக்கத்து வீட்டுக் கறுத்த தளத்தில் கால் வைக்க முடியாது. அறைக்குள் 2 முதல் 4 டிகிரி வரை குறையலாம். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. மழையில் கரையும், தூசி படியும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்பதுதான் குறை. தெலங்கானா அரசு 2023-லேயே இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது.

கூலிங் டைல்ஸ் நீண்ட நாள் நிற்கும், ஆனால் செலவும் தளத்தின் பாரமும் கூடும். கீற்றுப் பந்தல் நல்ல நிழல், காற்றுக்கும் நெருப்புக்கும் பயப்பட வேண்டும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவதை, தண்ணீருக்கே தவிக்கும் இந்த ஊரில் விட்டுவிடலாம்.

கைக்குழந்தை, படுத்த படுக்கையான பெரியவர் இருக்கும் வீட்டில் ஏசி வேண்டும் என்றால் தயங்காமல் போடுங்கள். சுண்ணாம்பு அடித்த மாடிக்குக் கீழே, 26 டிகிரியில், ஃபேனோடு ஓட்டினால் மெஷின் பாடு பாதியாகத் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஷீட் கூரைக்குக் கீழே நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. தூள் பறக்கும் என்று ஃபேனைக்கூட வேகமாக வைக்க முடியாது. கூரையை வெளுப்பாக்கும் வேலையை அந்த வீடுகளில்தான் முதலில் தொடங்க வேண்டும், அரசு செலவிலேயே.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் மாசியிலேயே கேட்டுவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அடித்தால் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்து பொடியாக உதிர்ந்துவிடும்.